கேரளத் திரைப்பட விழாவில் மலையாளப் படங்கள்: பன்னிரண்டு இடங்களுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

டிசம்பர் பிறந்தால் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு வகைச் செய்திகள் தவறாமல் வரும். பெயர் அதிகம் தெரியாத ஓர் இயக்குநரின் மலையாளப் படத்துக்கு அரங்கு நிறைந்து வழிந்தது, இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது ஒன்று. தன் படத்தைத் தேர்வுக்குழு ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று இன்னோர் இயக்குநர் கொதிப்பது மற்றொன்று. இரண்டையும் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. உலகப் பட விழாவில் உள்ளூர்ப் படங்களுக்கு என்ன வேலை? தணிக்கைச் சான்றிதழ் வாங்காத படத்தை எப்படித் திரையிடுகிறார்கள்? விருதுகளை அள்ளிய படம் ஏன் மாதக்கணக்கில் தியேட்டருக்கு வருவதில்லை?

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சிறிய மலையாளப் படங்களுக்கு இந்த விழா பரிசு மேடை மட்டுமல்ல. கூட்டம் உறுதியாக வரும் ஒரே தியேட்டராகவும் அது ஆகிவிட்டது. தேர்வுப் பட்டியலைச் சுற்றி நடக்கும் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது.

அரசு நடத்தும் வீட்டு விசேஷம்

கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. சினிமாவுக்கு நூறு வயது நிறைந்ததைக் கொண்டாடும் முகமாக, கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அதை நடத்தியது. 1998இல் சலச்சித்ர அகாடமி என்ற தனி அமைப்பை மாநில அரசு உருவாக்கி விழாவை அதன் பொறுப்பில் விட்டது. முதல் சில ஆண்டுகள் ஊர் மாறிக்கொண்டிருந்த விழா பிறகு திருவனந்தபுரத்தில் நிலைகொண்டது. 2021இல் மட்டும் கொரோனா காரணமாகத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களில் பிரித்து நடத்தினார்கள்.

அகாடமி மாநிலக் கலாச்சாரத் துறையின்கீழ் வருகிறது. கேரள அரசின் ஆண்டுத் திரைப்பட விருதுகளை நடத்துவதும் இதே அகாடமிதான். விழாவின் மையமான கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகள் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தம். அந்தக் கழகமும் அரசு நிறுவனமே. ஆக, விழா, விருது, அரங்கு மூன்றும் அரசின் கூரைக்குள்ளேயே இருக்கின்றன. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பார்வையாளர்களை அரசு உருவாக்கவில்லை. அவர்கள் விழாவுக்கு முன்பே இருந்தார்கள். அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் தொடங்கிய சித்ரலேகா பிலிம் சொசைட்டியிலிருந்து வளர்ந்த கூட்டம் அது. எண்பதுகளில் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராகப் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படமே எடுத்தது. (தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்த அதே ஜான்தான்.) விழாவின் சின்னத்திலும் நமக்கு ஓர் உறவு உண்டு. 1988இல் திருவனந்தபுரத்தில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா நடந்தபோது இயக்குநர் ஜி. அரவிந்தன் வடிவமைத்த இலங்கா லட்சுமி தோல்பாவைதான் அது. கேரளத் தோல்பாவைக் கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம்.

உள்ளே நுழைய இரண்டு வாசல்கள்

ஒரு புதிய மலையாளப் படம் விழாவுக்குள் வர இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. செய்திகளில் இவை ஒன்றாகக் குழம்பிப்போகின்றன.

1. போட்டிப் பிரிவு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. மொத்தம் 14 படங்கள். அவற்றில் வழக்கமாக இரண்டு மலையாளப் படங்களும், பிற இந்திய மொழிகளிலிருந்து இரண்டும் இடம்பெறும். சிறந்த படத்துக்கு சுவர்ண சகோரம் விருதும் 20 லட்சம் ரூபாயும் கிடைக்கும். பாஸ் வாங்கிய பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் மக்கள் விருதும் இந்தப் பிரிவுப் படங்களுக்குத்தான்.

2. ‘மலையாள சினிமா இன்று’. அண்மை ஆண்டுகளில் இங்கே 12 படங்கள் இடம்பெறுகின்றன. இவை சுவர்ண சகோரத்துக்குப் போட்டியிட முடியாது. ஆனால் ஆசிய சினிமாவை வளர்ப்பதற்கான நெட்பேக் அமைப்பும், உலகத் திரை விமர்சகர்களின் கூட்டமைப்பான ஃபிப்ரெஸ்கியும் மலையாளப் படங்களுக்கெனத் தரும் விருதுகளுக்கு இவை தகுதி பெறும்.

இரண்டு வாசலுக்கும் இடையிலுள்ள தூரம் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. போட்டிப் படத்தைச் சர்வதேச நடுவர் குழு பார்க்கிறது. பிற நாட்டு விழாக்களின் தேர்வாளர்கள் முதலில் புரட்டுவதும் அந்தப் பட்டியலைத்தான். அதனால்தான் 2017இல் சனல் குமார் சசிதரன், நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் முதன்மை விருதான டைகர் விருதை வென்ற தன் ‘எஸ் துர்கா’வை அகாடமி ‘மலையாள சினிமா இன்று’ பிரிவில் சேர்த்தபோது, போட்டிப் பிரிவில் இடம் தராததை எதிர்த்துப் படத்தைத் திரும்பப் பெற்றார். அதே டிசம்பரில் அதே நகரத்தில் அவருடைய குழு காழ்ச்ச என்ற பெயரில் தனியாக ஒரு சுயாதீனப் பட விழாவையே நடத்தியது. ஓர் உள்ளூர்ப் படத்தின் இடம் பற்றிய தகராறு புதிய விழாவைப் பெற்றெடுத்தது என்றால், அந்த இடத்தின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

சொந்த மண்ணின் படம் சுவர்ண சகோரம் வெல்வது அபூர்வம். ஜெயராஜின் ‘ஒட்டால்’ 2015இல் வென்றபோதுதான் ஒரு மலையாளப் படத்துக்கு அந்த விருது முதல்முறையாகக் கிடைத்தது. செகாவின் சிறுகதை ஒன்றைக் குட்டநாட்டு வாத்து மேய்ப்பவர்களின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்த படம் அது. மக்கள் விருது விஷயத்தில் நிலைமை தலைகீழ். ‘ஜல்லிக்கட்டு’, ‘சுருளி’, ‘நண்பகல் நேரத்து மயக்கம்’, ‘தடவு’, ‘ஃபெமினிச்சி ஃபாத்திமா’ என்று மக்கள் வாக்கு மலையாளப் படங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கிறது. வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள், படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்க்கிறார்கள் என்பதைக் கழித்துத்தான் அந்த விருதை எடை போட வேண்டும். ஆனாலும் ஒரு விநியோகஸ்தருக்கு நடுவர் குழுவின் பாராட்டுரையைவிட இந்த வாக்கு அதிகம் சொல்லும். உள்ளூர்ச் சந்தையின் நாடி அதில் தெரிகிறது.

தேர்வு நடக்கும் அறை

மலையாளப் படங்களைத் தேர்ந்தெடுக்க அகாடமி ஆண்டுதோறும் தனிக்குழு அமைக்கிறது. தயாரிப்பாளர்கள் படத்தைப் பெரும்பாலும் கடவுச்சொல் இட்ட இணைய இணைப்பாகக் கொடுக்கிறார்கள். இங்கேதான் ஒரு புதுவகைச் சச்சரவு முளைத்தது. விமியோ போன்ற தளங்களில் படத்தை ஏற்றியவருக்கு, அது எந்த ஊரிலிருந்து எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கு தெரியும். தேர்வு முடிந்தபின் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கும் இயக்குநர், தன் படம் சில நிமிடங்களோடு நின்றுபோயிருப்பதைக் கண்டால் சும்மா இருப்பாரா? அந்த எண்ணையே ஆதாரமாகக் காட்டிப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியவர்கள் உண்டு. படத்தைத் தரவிறக்கிப் பார்த்தால் அந்தக் கணக்கில் ஏறாது என்பது எதிர்வாதம். தொழில்நுட்ப ரீதியாக இரண்டு பேர் சொல்வதும் சாத்தியமே. எந்தப் படத்தை எந்த நாளில் எத்தனை பேர் முழுதாகப் பார்த்தார்கள் என்று குழு ஒரு குறிப்பை வெளியிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

மீதிச் சண்டை இன்னும் கடினமானது. பன்னிரண்டு இடங்களில் ஏற்கெனவே தியேட்டரில் ஓடிய படங்களையும் சேர்க்கலாமா? 2023 பட்டியலில், அந்த ஆண்டு பெரும் வசூல் செய்த ‘2018’ இருந்தது. மம்மூட்டி நடித்து நவம்பரில் வெளியான ‘காதல் – தி கோர்’ படமும் இருந்தது. 2024 பட்டியலில் செப்டம்பரில் வெளியாகி நன்றாக ஓடிய ‘கிஷ்கிந்தா காண்டம்’ இடம்பெற்றது. அகாடமியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிவின் பெயரே அந்த ஆண்டின் மலையாள சினிமாவைக் காட்டுவதாகச் சொல்கிறது. வெளிநாட்டுப் பிரதிநிதிகள் அந்த ஆண்டின் நல்ல வணிகப் படத்தையும் பார்க்கட்டுமே என்று வாதிடலாம். அப்படியானால் அதற்குத் தனிப் பிரிவு வைக்கலாமே என்பதுதான் சுயாதீனப் படக்காரர்களின் பதில். அவர்கள் சொல்வதே சரி என்று படுகிறது. லட்சக்கணக்கானோர் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்ட படத்துக்கு இந்த இடம் கிடைத்தால் ஒரு துளி லாபமும் இல்லை. கிடைக்காத படத்துக்கு அந்த ஆண்டே போய்விடுகிறது.

தணிக்கை விலக்கு என்றால் என்ன

இந்தியாவில் ஒரு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டுமானால் 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, எந்தப் படத்துக்கும் விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. திரைப்பட விழாக்கள் இயங்குவது இந்தப் பிரிவை நம்பித்தான். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2006இல் வகுத்த நெறிமுறைகளின் சாரம் இது: விழா நடத்துபவர் படங்களின் பட்டியலையும் கதைச்சுருக்கத்தையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும், திரையிடல் வணிக நோக்கில் இருக்கக்கூடாது, பதிவு செய்த பிரதிநிதிகள் மட்டுமே பார்க்க வேண்டும்.

விழாவுக்கு டிக்கெட் விற்காமல் டெலிகேட் பாஸ் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். 2024இல் பொதுப் பிரிவினருக்கு வரியோடு 1,180 ரூபாய், மாணவர்களுக்கு 590 ரூபாய். அந்த பாஸைக் கழுத்தில் மாட்டியவர் சட்டத்தின் கண்ணில் பொதுமக்களில் ஒருவர் அல்லர், விழாவின் பிரதிநிதி.

இதனால் விளைவது என்ன?

1. விழாப் படம் வெட்டு விழாமல் வருகிறது. சான்றிதழுக்கான கட்டணம், காத்திருப்பு, கடிதப் போக்குவரத்து எதுவும் அப்போதைக்கு இல்லை. கதையில் ஓர் ஆடோ கோழியோ நடித்திருந்தால்கூட, தணிக்கைக்குப் போகும்போது விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாக் கடிதம் வேண்டும். சிறிய படக்காரருக்கு இதெல்லாம் மாதங்களை விழுங்கும் வேலை.

2. விழா முடிந்ததும் அந்த விலக்கும் முடிந்துவிடும். தியேட்டருக்கு வர வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

3. விலக்கு மத்திய அரசின் கையில் இருக்கிறது. விழா மாநில அரசின் கையில். இரண்டும் முட்டிக்கொள்ளும்போது படம் நடுவில் மாட்டும்.

மூன்றாவதன் உச்சத்தை 2025 டிசம்பரில் பார்த்தோம். விழா நடந்துகொண்டிருக்கும்போதே 19 படங்களுக்கு அனுமதி இல்லை என்ற செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ இருந்ததுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. நூறு வயதான படம், இணையத்தில் யாரும் பார்க்கலாம், திரைப்படக் கல்லூரிகளில் பாடம். மாநில அரசு வெளிப்படையாக எதிர்த்தது. பிறகு பல படங்களுக்கு அனுமதி வந்தது. சில கடைசிவரை திரையேறவில்லை.

உள்ளூர்ப் படம் இதில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ‘எஸ் துர்கா’தான் உதாரணம். அதன் முதல் பெயர் ‘செக்ஸி துர்கா’. 2017இல் மும்பை விழாவுக்கு மத்திய அமைச்சகம் விலக்கு தர மறுத்தது. பெயரை மாற்றிச் சான்றிதழ் வாங்கினார்கள். கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், இந்தியப் படங்களுக்கான இந்தியன் பனோரமா பிரிவின் நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. நடுவர் குழுத் தலைவர் சுஜாய் கோஷ் பதவி விலகினார். கேரள உயர் நீதிமன்றம் திரையிடச் சொன்னது. அதற்குப் பிறகும் கோவாவில் படம் ஓடவில்லை. பெயர் விவகாரத்தைக் காட்டித் தணிக்கை வாரியம் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டது. விலக்கும் சான்றிதழும் வேறு வேறு கதவுகள் என்பதும், ஒன்றைத் திறந்தால் இன்னொன்று சாத்தப்படலாம் என்பதும் அந்த ஒரே படத்தின் வரலாற்றில் தெரிந்துவிடும்.

சான்றிதழ் தேதியில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஆனந்த் ஏகர்ஷியின் ‘ஆட்டம்’ 2023 விழாவில் சிறந்த மலையாளப் படத்துக்கான நெட்பேக் விருதை வென்று, 2024 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 2022ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. 2024இல் வெளியான படத்துக்கு 2022இன் விருதா என்று பலரும் கேட்டார்கள். தேசிய விருதுக்கு வெளியீட்டுத் தேதி கணக்கில்லை; சான்றிதழ் தேதிதான் கணக்கு.

விழா முடிந்த மறுநாள்

எட்டு நாள் அரங்கு நிறைந்த படத்துக்கு ஒன்பதாம் நாள் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. தியேட்டர்காரர் கேட்பது நட்சத்திரம் யார் என்று; ஓடிடி தளம் கேட்பது தியேட்டரில் எவ்வளவு வசூல் என்று. இரண்டுக்கும் விடை இல்லாத படம் இரண்டு வாசலிலும் நிற்கும்.

நட்சத்திரம் இருந்தால் பாதை வேறு. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ 2022 டிசம்பர் விழாவில் முதல் காட்சி கண்டது. பழனிக்கருகே ஒரு தமிழ்க் கிராமத்தில் பெரும்பகுதி எடுக்கப்பட்ட, பாதி வசனம் தமிழிலேயே உள்ள படம். டாகூர் தியேட்டரில் உள்ளே இடம் கிடைக்காத பிரதிநிதிகள் போராட, போலீஸ் வழக்குப் பதியும் அளவுக்குப் போனது. அடுத்த மாதமே தியேட்டரில் வெளியானது. மம்மூட்டி நாயகன் என்பதால் அதற்கு விழா விளம்பரம் மட்டுமே, உயிர்நாடி அல்ல.

நட்சத்திரம் இல்லாத படத்துக்கு நல்ல உதாரணம் ஃபாசில் முகம்மதின் ‘ஃபெமினிச்சி ஃபாத்திமா’. பொன்னானிக் கடற்கரையில் வாழும் ஓர் இல்லத்தரசி. மகன் படுக்கையை நனைத்துவிட, முதுகுவலிக்காரியான அவள் ஒரு புதிய மெத்தைக்காகப் படும் பாடுதான் கதை. மெத்தை வாங்கக் கணவனின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும், அக்கம்பக்கத்தாரின் வாயை அடைக்க வேண்டும். 2024 விழாவில் மக்கள் விருது, நெட்பேக், ஃபிப்ரெஸ்கி எல்லாம் அதற்கே போயின. அப்படியும் தியேட்டருக்கு வர 2025 அக்டோபர் ஆனது. துல்கர் சல்மானின் நிறுவனம் விநியோகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அது நடந்தது. அடுத்த மாதம் அறிவிக்கப்பட்ட மாநில விருதுகளில் இரண்டாவது சிறந்த படமாகவும், அதில் நடித்த ஷம்லா ஹம்சா சிறந்த நடிகையாகவும் தேர்வானார்கள். இவ்வளவு விருது பெற்ற படத்துக்கே பத்து மாதம் என்றால், கைதட்டல் மட்டும் வாங்கிய படத்தின் கதி என்ன?

தமிழில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ கதை இன்னும் மோசம். 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருது, ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரை, 2022 மார்ச்சில் நடந்த கேரள விழாவில் மக்கள் விருது. கடைசியில் தியேட்டருக்கே வராமல், 2023 அக்டோபரில் நேராக ஓடிடிக்குப் போனது.

இந்த இடைவெளியைக் கேரள அரசு ஓரளவு உணர்ந்திருக்கிறது. திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் பெண் இயக்குநர்களுக்குப் படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை நிதி கிடைக்கிறது; பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அதுபோன்ற திட்டம் இருக்கிறது. தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’, சிவரஞ்சனியின் ‘விக்டோரியா’ ஆகியவை இப்படி வந்தவை. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்ற அரசு ஓடிடி தளமும் தொடங்கப்பட்டது. மாதச் சந்தா கிடையாது, ஒரு முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தயாரிக்கும் கழகமும் அரசு, தேர்ந்தெடுக்கும் அகாடமியும் அரசு. தன் பணத்தில் உருவான படத்துக்குத் தன் விழாவில் இடம் கொடுத்தால் சலுகை என்பார்கள், மறுத்தால் ஏன் பணம் கொடுத்தீர்கள் என்பார்கள். தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அந்தக் குழு யாருக்குப் பதில் சொல்கிறது என்பது இங்கே பெரிய கேள்வி.

சென்னையில் ஏன் இந்தச் சண்டை இல்லை

சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் டிசம்பரில்தான் நடக்கிறது. 2003 முதல் அதை நடத்துவது இண்டோ சினி அப்ரிஷியேஷன் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பு. மாநில அரசு நிதி உதவி செய்கிறது. அங்கும் தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. 2024இல் சிறந்த படமாக ‘அமரன்’ தேர்வானது, ‘மகாராஜா’வுக்காக விஜய் சேதுபதி சிறந்த நடிகரானார். இரண்டும் திரையரங்கில் சக்கைப்போடு போட்ட படங்கள். அதாவது சென்னையின் தமிழ்ப் போட்டி முடிந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கும் பாராட்டு விழா. பட்டியலில் விடுபட்ட படத்துக்கு ஒரு கேடயம் குறையும், வேறு நஷ்டமில்லை. திருவனந்தபுரத்தில் விடுபடும் படத்துக்கு முதல் காட்சியே இல்லாமல் போகிறது. இணைப்பில் ஓடிய நிமிடங்களை எண்ணும் அளவுக்கு அங்கே இயக்குநர்கள் போவது அதனால்தான். இங்கே யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் வெளியாகாத தமிழ்ப் படம் முதல் காட்சிக்கு நம்பியிருக்கும் பன்னிரண்டு இடங்கள் இங்கே இல்லை.